மூன்றாவது பின்னின் கதை



இன்றைய பதிவு நீளமானது. பொறுமையாகப் படியுங்கள். உங்களில் நிறையப் பேர் எலக்ட்ரீசியனாகவும், மின்வாரியத்திலும், ரயில்வேயிலும், ஓசூர் கம்பெனிகளில் மெயின்டெனன்ஸ் பிரிவிலும் இருக்கிறீர்கள். முக்கியமாக உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் இருப்பவர்களும் படித்தால் நல்லது. காலையில் வேலைக்குப் போனவர் மாலையில் திரும்ப வேண்டும் என்று காத்திருப்பவர்கள் அவர்கள்தானே.

போன மாதம் ஒரு பழைய மாணவன் என்னைப் பார்க்க வந்தான். பெயர் வேண்டாம், அவனே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஐ.டி.ஐ. முடித்தவன். தொழிற்சாலை மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 'ட்ரைவ்' என்ற கருவியைப் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறான். காபி டம்ளரை வாங்கும்போதுதான் கவனித்தேன். இடது உள்ளங்கையிலும் வலது முழங்கையிலும் தீக்காயத் தழும்பு.

"என்னப்பா ஆச்சு?"

"ஸ்கோப்ல ஷாக் அடிச்சிருச்சுங்க சார்."

"ஸ்கோப்புல எப்படிப்பா அடிக்கும்? எர்த் பின் இல்லையா?"

"அதை வெட்டிட்டோம்ங்க சார். வெட்டலைன்னா ட்ரைவ்ல கிளிப்பு வெச்ச உடனே டமார்னு வெடிச்சிரும். எங்க சீனியர் காலத்துல இருந்தே வெட்டித்தான் வெச்சிருக்காங்க."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு கேட்டான்: "சார், எட்டாவதுல மூணாவது பின்னு எர்த்து, அது நம்மளைக் காப்பாத்தும்னு சொன்னீங்க. எப்படிக் காப்பாத்தும்னு சொல்லவே இல்லையே?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். எனக்குத்தான் சுருக்கென்றது. அந்தப் பின் ஏன் மற்ற இரண்டைவிட நீளம், ஏன் தடிமன் என்பதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நீளமாக இருந்தால் முதலில் தொடும், கடைசியில் விடும். தடிமனாக இருந்தால் வேறு ஓட்டையில் நுழையாது. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் கதையை நானும் கேட்டுக்கொள்ளவில்லை, உங்களுக்கும் சொல்லவில்லை. அவன் போன பிறகு புத்தகங்களைத் தேடிப் படித்தேன். லோகோ பைலட்டாக இருந்து ஓய்வு பெற்ற நண்பரிடமும், மின்வாரியத்தில் இருக்கும் ஒரு மாணவனிடமும் கேட்டேன். தெரிந்துகொண்டதைக் கீழே எழுதுகிறேன். கொஞ்சம் தாமதமான பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மண் முதலில் ஓசிக் கம்பியாகத்தான் வந்தது

மின்சார வேலையில் மண் நுழைந்தது பாதுகாப்புக்காக அல்ல, செலவை மிச்சப்படுத்துவதற்காக. 1838-ல் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் என்ற விஞ்ஞானி தந்திக்காகச் சோதனைகள் செய்துகொண்டிருந்தார். மின்சாரம் போகவும் வரவும் இரண்டு கம்பி வேண்டும் அல்லவா? நியூரம்பெர்க் - ஃபூர்த் ரயில் பாதையின் தண்டவாளங்களையே அந்த இரண்டு கம்பிகளாகப் பயன்படுத்திப் பார்த்தார். சரியாக வரவில்லை. ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் மண் வழியாகவே போய்விட்டது. அந்தத் தோல்வியிலிருந்துதான் அவருக்குப் பிடி கிடைத்தது. மண்ணிலேயே மின்சாரம் போகும் என்றால் திரும்பி வரும் கம்பி எதற்கு? ஒரு கம்பி போதும், இரண்டு முனையிலும் ஒரு தகட்டைப் புதைத்தால் மண்ணே இரண்டாவது கம்பி. உலகம் முழுவதும் தந்தி அப்படித்தான் பரவியது. 1850-களில் இந்தியாவுக்கு வந்த தந்தியும், பிறகு நம் சென்னை - ஜோலார்பேட்டை - சேலம் ரயில் பாதை ஓரம் கம்பத்தில் ஓடிய தந்தியும் இந்த அறிவின் பிள்ளைகள்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "மண் மின்சாரத்தை உறிஞ்சிக்கொள்ளும்" என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அது தவறு. மண் எதையும் உறிஞ்சுவதில்லை. மண் ஒரு பாதை. மின்சாரம் எங்கிருந்து புறப்பட்டதோ அங்கேயே திரும்ப வேண்டும். அதற்கு மண் வழியாகவும் போகும், கம்பி வழியாகவும் போகும், நடுவில் மனிதன் நின்றால் மனிதன் வழியாகவும் போகும்.

கோலாரும் மேட்டூரும்

நம் பக்கத்தில் பெரிய மின்சாரம் முதலில் ஓடியது கோலார் தங்கவயலுக்கு. காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் மின்சாரம் எடுத்து, சுமார் 147 கிலோமீட்டர் தூரம் முப்பதாயிரம் வோல்ட் அளவில் கம்பி வழியே கொண்டுபோனார்கள். ஆண்டு 1902. அப்போது இவ்வளவு நீளமான மின்பாதைகள் உலகத்திலேயே மிகச் சில. அந்தச் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். நம் ஊர்ப்பக்கம் "தாத்தா கோலாருக்குப் போனவர்" என்று சொல்லும் குடும்பங்கள் இன்னும் உண்டு.

பிறகு 1932-33-ல் பைகாரா, 1937-ல் மேட்டூர். மேட்டூர் மின்சாரம் நம் பக்கத்துச் சிங்காரப்பேட்டை துணை மின்நிலையம் வழியாகத்தான் வேலூர்ப் பக்கம் போனது. ஊருக்குள் டிரான்ஸ்பார்மர் வந்தது. அங்கே ஒரு ஆபத்தும் கூடவே வந்தது. டிரான்ஸ்பார்மருக்குள் ஒரு பக்கம் 11,000 வோல்ட், இன்னொரு பக்கம் வீட்டுக்குப் போகும் மின்சாரம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் காப்பு கெட்டுப்போனால், பதினோராயிரம் வோல்ட் வீட்டுக் கம்பிக்குள் வந்துவிடும். அதைத் தடுக்கத்தான் வீட்டுப் பக்க நியூட்ரலை டிரான்ஸ்பார்மர் அடியிலேயே மண்ணோடு இணைத்தார்கள். செய்யலாமா கூடாதா என்று மேல்நாடுகளில் வெகு காலம் வாதாடிய விஷயம் இது. அமெரிக்காவின் மின்சார விதிநூல் 1913-ல்தான் வீட்டு மின்சாரத்துக்கு இதைக் கட்டாயமாக்கியது.

இதற்கு ஒரு விலை உண்டு. நியூட்ரல் மண்ணோடு சேர்ந்துவிட்டதால், மண்ணில் நிற்கும் நாம் எல்லோரும் அந்தச் சுற்றின் ஒரு முனையில் நிற்கிறோம். ஃபேஸ் கம்பியைத் தொட்டால் சுற்று முழுமையாகிவிடும். அதனால்தான் கருவிகளின் உலோக உடம்புக்குத் தனியாக ஒரு கம்பி தேவைப்பட்டது. உடம்பில் மின்சாரம் கசிந்தால் அது நம் வழியாகப் போகாமல் அந்தக் கம்பி வழியாகப் போகட்டும், போகிற வேகத்தில் பீஸ் போகட்டும் என்ற ஏற்பாடு. நம் நாட்டில் 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் இதைக் கட்டாயமாகச் சொன்னது. எர்த் எப்படிப் போடுவது என்பதற்கு ஐ.எஸ். 3043 என்ற தரநூல் 1966-ல் வந்தது, 1987-லும் 2018-லும் திருத்தப்பட்டது. கரியும் உப்பும் போட்டு, குழாய் புதைத்து, கோடையில் தண்ணீர் ஊற்றுகிறோமே, அதெல்லாம் அந்த வழிதான்.

நம் ஊர் மண்ணுக்கு ஒரு கணக்கு

இனி ஒரு சின்னக் கணக்கு. பேப்பர் பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

தருமபுரி மாவட்டத்து மண் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு அடி தோண்டினால் பாறை, வெயில் காலத்தில் ஈரம் இருக்காது. தோட்டத்து மோட்டாருக்கு ஒரு எர்த் குழாய் இருக்கிறது, அதன் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். டிரான்ஸ்பார்மர் பக்கத்து எர்த் 2 ஓம். மொத்தம் 12 ஓம். மோட்டார் உடம்பில் 230 வோல்ட் கசிந்துவிட்டது. ஓம் விதிப்படி 230-ஐ 12-ஆல் வகுத்தால் சுமார் 19 ஆம்பியர். பீஸ் கேரியரில் போட்டிருக்கும் கம்பியோ 30 ஆம்பியர் தாங்கும்.

பீஸ் போகாது! எர்த் இருக்கிறது, சரியாகத்தான் இணைத்திருக்கிறது, ஆனாலும் மோட்டார் உடம்பில் கிட்டத்தட்ட 190 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். விடியற்காலையில் வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்று தொடுபவருக்கு என்ன ஆகும்? எர்த் போட்டிருக்கிறோம் என்பது மட்டும் போதாது. பழுது வந்தவுடன் மின்சாரம் துண்டிக்கப்படுகிறதா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கான பதிலும் ஒரு தங்கச் சுரங்கப் பகுதியிலிருந்துதான் வந்தது. 1950-களின் நடுவில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபின் என்ற பொறியாளர் ஒரு கருவி செய்தார். போகிற மின்னோட்டமும் திரும்பி வருகிற மின்னோட்டமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்து வந்தால், எங்கோ மண்ணுக்குக் கசிகிறது என்று அர்த்தம், உடனே துண்டித்துவிடும். அதே காலத்தில் அமெரிக்காவில் சார்லஸ் டால்சீல் என்ற பேராசிரியர், மனித உடம்பு எவ்வளவு மின்னோட்டம் தாங்கும் என்று தொண்டர்களை வைத்து அளந்தார். பிடித்த கம்பியைத் தானாக விட முடியாமல் போவது சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர். நம் வீட்டு 9 வாட் எல்.இ.டி. பல்பு எடுப்பதே 40 மில்லி ஆம்பியர் அளவுக்கு! ஒரு குட்டி பல்பு எரியும் மின்சாரத்தில் பாதிகூட வேண்டாம், கை ஒட்டிக்கொள்ளும்.

இந்த இரண்டு வழிகளும் சேர்ந்துதான் இன்று உங்கள் வீட்டு மெயின் போர்டில் இருக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வந்தது. உங்கள் வீட்டில் அது இருக்கிறதா என்று இந்தப் பதிவைப் படித்து முடித்தவுடன் எழுந்து போய்ப் பாருங்கள். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும். அமுக்கினால் மின்சாரம் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அது வெறும் அலங்காரம்.

பவர் எலக்ட்ரானிக்ஸ் வந்தது, பழைய பாடம் போதவில்லை

இப்போது என் மாணவனின் பட்டறைக்கு வருகிறேன்.

1957-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் தைரிஸ்டர் என்ற சிலிக்கான் சுவிட்சைச் செய்தது. பெரிய மின்சாரத்தைச் சின்னத் துண்டு சிலிக்கான் அடக்கி ஆளத் தொடங்கியது அன்றுதான். அதே நிறுவனத்தில் 1980-களின் தொடக்கத்தில் ஐ.ஜி.பி.டி. என்ற இன்னும் நல்ல சுவிட்சை உருவாக்கியவர் ஜெயந்த் பாலிகா. 1948-ல் சென்னையில் பிறந்தவர், சென்னை ஐ.ஐ.டி.யில் 1969-ல் பட்டம் வாங்கியவர். 2024-ல் பின்லாந்து நாட்டின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது. இன்று ஓசூரில் ஓடும் ட்ரைவ், ஆஸ்பத்திரி யு.பி.எஸ்., இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின், சோலார் இன்வெர்ட்டர், மின்சாரக் கார் எல்லாவற்றிலும் அந்த வகை சுவிட்சுகளைப் பார்க்கலாம்.

ட்ரைவுக்குள் என்ன நடக்கிறது? வரும் மூன்று ஃபேஸ் 415 வோல்ட் ஏ.சி.யை முதலில் டயோடுகள் டி.சி. ஆக மாற்றும். அது சுமார் 587 வோல்ட். அந்த டி.சி.யைப் பெரிய கெப்பாசிட்டர்கள் பிடித்து வைத்திருக்கும். பிறகு ஐ.ஜி.பி.டி.கள் அதை வெட்டி வெட்டி, வேண்டிய வேகத்துக்கு ஏற்ற ஏ.சி. ஆக மோட்டாருக்கு அனுப்பும்.

இங்கேதான் நம் எட்டாம் வகுப்புப் பாடம் காலை வாரிவிடுகிறது. பேட்டரியின் நெகட்டிவ் என்றால் பூஜ்ஜியம் என்று நாம் படித்திருக்கிறோம். பைக்கிலும் காரிலும் நெகட்டிவ் உடம்போடு சேர்ந்திருக்கும், தொட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் ட்ரைவின் டி.சி. நெகட்டிவ் அப்படிப்பட்டதல்ல. அது நியூட்ரலும் இல்லை, எர்த்தும் இல்லை. மண்ணோடு ஒப்பிட்டால் அது 170 வோல்ட்டுக்கும் 340 வோல்ட்டுக்கும் நடுவே ஆடிக்கொண்டிருக்கும்.

ஆசிலோஸ்கோப்பின் கதை வேறு. அதன் முதலைக் கிளிப், ஸ்கோப்பின் உலோக உடம்பு, பிளக்கின் மூன்றாவது பின் மூன்றும் உள்ளே ஒன்றாக இணைந்தவை. அந்தக் கிளிப்பை ட்ரைவின் நெகட்டிவில் மாட்டினால் என்ன ஆகும்? நெகட்டிவ், கிளிப், மூன்றாவது பின், மண், டிரான்ஸ்பார்மர் நியூட்ரல், ஃபேஸ், டயோடு, மறுபடி நெகட்டிவ் என்று ஒரு முழுச் சுற்று கிடைத்துவிடும். டமார்! கிளிப் உருகும், டயோடு வெடிக்கும், சில நேரம் ஸ்கோப்பும் போகும்.

இந்த வெடிப்பை நிறுத்தத்தான் பட்டறைகளில் பின்னை வெட்டுகிறார்கள். வெட்டியவுடன் வெடிப்பு நின்றுவிடும், அலை வடிவம் திரையில் அழகாக வரும். ஆனால் ஸ்கோப்பின் மொத்த உடம்பும் இப்போது 340 வோல்ட் வரை ஏறி நிற்கிறது. பார்த்தால் தெரியாது, சத்தமும் வராது. என் மாணவன் இடது கையால் ஸ்கோப்பின் பக்கவாட்டைப் பிடித்துத் திருப்பியிருக்கிறான். வலது முழங்கை பக்கத்தில் இருந்த இரும்பு ரேக்கில் பட்டிருக்கிறது. ஒரு கையில் ஏறி மறு கை வழியாக, நெஞ்சைக் கடந்து போயிருக்கிறது. ஸ்டூல் சாய்ந்து கீழே விழுந்ததால் பிழைத்தான். அன்று ஸ்டூல் சாயாமல் இருந்திருந்தால் அவன் என் வீட்டுக்கு வந்திருக்க மாட்டான்.

பின்னை வெட்டியவர் கெட்டவர் அல்லர். அவர் வெடிப்பைப் பார்த்தார், அதை நிறுத்த வழி கண்டுபிடித்தார். ஆனால் அந்த வெடிப்பு என்பது மூன்றாவது பின் தன் வேலையைச் செய்ததன் சத்தம். இந்த இடத்தில் கிளிப்பை வைக்காதே என்று அது சொன்னது. சொன்ன வாயை வெட்டிவிட்டார்கள்.

இன்னொன்றும் அவன் சொன்னான். ட்ரைவின் மேல், "மின்சாரத்தை நிறுத்தி இத்தனை நிமிடம் கழித்துத் திறக்கவும்" என்று ஒட்டியிருக்கும். உள்ளே இருக்கும் ஒரு ரெசிஸ்டர், கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை மெதுவாக வடிப்பதற்கான நேரம் அது. அவனோடு வேலை செய்பவர் ஒருவர் சொன்னபடி காத்திருந்துதான் தொட்டார், ஆனாலும் அடித்தது. ஏன்? வடிக்க வேண்டிய ரெசிஸ்டரே எரிந்துபோயிருந்தது. யோசித்துப் பாருங்கள். ஒட்டியிருக்கும் நேரம் ஆரோக்கியமான கருவிக்கு எழுதியது. பட்டறைக்கு வருவதோ நோயாளி. அதன் எந்த உறுப்பு வேலை செய்யவில்லை என்று தெரியாததால்தானே வந்திருக்கிறது? அதன் சொல்லை எப்படி நம்புவது?

தேங்கிய மின்சாரம் என்றால் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2,000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் 587 வோல்ட்டில் நிரம்பியிருந்தால் அதில் சுமார் 345 ஜூல் ஆற்றல் இருக்கும். ஆஸ்பத்திரியில் தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தைச் சரிசெய்ய நெஞ்சில் கருவி வைத்துக் கொடுக்கும் அதிர்ச்சியே 200 முதல் 360 ஜூல்தான். மின்சாரத்தை நிறுத்தியாகிவிட்டது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும்போது அவ்வளவும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. நியான் டெஸ்டர் இந்த இடத்தில் நம்ப முடியாத சாட்சி. அது எரியவில்லை என்பதை வைத்துக் கையை விடக்கூடாது.

நம் தண்டவாளத்தில் ஓடும் பாடம்

இதே ஆபத்து மொரப்பூர் வழியாகத் தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே 25,000 வோல்ட் கம்பி. அதிலிருந்து எடுத்த மின்சாரம் எஞ்சினுக்குள் போய், சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கி, துணை மின்நிலையத்துக்குத் திரும்புகிறது. ஸ்டைன்ஹைல் தண்டவாளத்தில் தேடியது இங்கே ஒரு விதத்தில் நிறைவேறியிருக்கிறது.

பழைய வகை மின்சார எஞ்சின்களில் கியூ.ஓ.பி. என்று ஒரு ரிலே உண்டு. எஞ்சினுக்குள் ஓடும் பவர் சர்க்யூட் எங்காவது காப்பு கெட்டு எஞ்சின் உடம்பைத் தொட்டுவிட்டால் அது உடனே எஞ்சினின் மெயின் பிரேக்கரைத் திறந்துவிடும். வண்டியை நடுக்காட்டில் நிறுத்தி வைக்க முடியாது என்பதால், தேவைப்பட்டால் அந்த ரிலேயை ஒதுக்கிவிட்டு மெதுவாகத் தொடர ஒரு சுவிட்சும் இருக்கும். நண்பர் சொன்னார்: "அதைப் போட்டுட்டா நிம்மதியா உக்கார முடியாது சார். அடிக்கடி உள்ள போய்ப் புகை வருதா, கருகுதான்னு பார்த்துட்டே இருக்கணும். முதல் எர்த் ஃபால்ட் எச்சரிக்கை. ரெண்டாவது வந்தா தீ." முதல் பழுது பேசாமல் இருந்துவிடும், அதை அலட்சியம் செய்தால் இரண்டாவது பழுது பேசும். தொழிற்சாலைக் கருவிகளுக்கும் இதுவே பொருந்தும்.

1990-களின் நடுவில் ஏ.பி.பி. நிறுவனத்திடமிருந்து மூன்று ஃபேஸ் எஞ்சின்கள் இந்தியாவுக்கு வந்தன. பிறகு சித்தரஞ்சனில் நாமே செய்யத் தொடங்கினோம். இன்று நம் ஸ்டேஷனைக் கடக்கும் டபிள்யூ.ஏ.பி.-7, டபிள்யூ.ஏ.ஜி.-9 எஞ்சின்கள் அந்தக் குடும்பம். அடிப்படையில் அவையும் பெரிய ட்ரைவ்கள்தான். உள்ளே டி.சி. மட்டும் 2,800 வோல்ட்!

அதைப் பழுது பார்க்கிறவர் எப்படித் திறக்கிறார் தெரியுமா? பாண்டோகிராஃபை இறக்கி ஒரு நீலச் சாவியை எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் பாண்டோகிராஃபை மறுபடி தூக்க முடியாது. அந்த நீலச் சாவியைக் கொண்டுபோய் எர்த்திங் சுவிட்சில் போட்டுத் திருப்பினால் கூரைமேல் இருக்கும் கருவிகள் எல்லாம் மண்ணோடு இணையும். இணைந்தால்தான் அங்கிருந்து மஞ்சள் சாவி வெளியே வரும். மஞ்சள் சாவியை இன்னொரு பெட்டியில் போட்டால்தான் பச்சைச் சாவிகள் கிடைக்கும். பச்சைச் சாவி இருந்தால்தான் உயர் அழுத்தப் பெட்டியின் கதவு திறக்கும். மண்ணோடு இணைக்காமல் கதவைத் திறக்க வழியே கிடையாது. திறந்த பிறகும் கெப்பாசிட்டர் வடிந்துவிட்டதா என்று பார்த்துத்தான் கை வைப்பார்கள்.

கோலாரையும் இங்கே சொல்ல வேண்டும். தங்கவயல் 2001-ல் மூடப்பட்டது. இரண்டே ஆண்டில், 2003-ல், அதே கோலார் மாவட்டத்துக்கு ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து சுமார் 1,400 கிலோமீட்டர் தூரம் 500 கிலோவோல்ட் டி.சி. மின்பாதை வந்தது. அங்கே வரிசை வரிசையாகத் தைரிஸ்டர்கள் தொங்கும் பெரிய கூடம் இருக்கிறது. ஒரு கம்பி பழுதானால் மண்ணையே கம்பியாக்கி ஓட்டவும் இரண்டு முனையிலும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தந்திக் காலத்து உத்தி இன்னும் சாகவில்லை. அப்படிப்பட்ட கூடங்களுக்குள்ளும் மண்ணோடு இணைத்த பிறகுதான் ஆள் நுழைய முடியும்.

மின்வாரியத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. எல்.சி. வாங்காமல், எர்த் ராடு மாட்டாமல் கம்பம் ஏறக்கூடாது என்பதும் இதே பாடம்தான். அதை மீறியதால் போனவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

பெரிய இடத்தில் இந்தப் பாடத்தைச் சாவியிலும் பூட்டிலும் வைத்திருக்கிறார்கள். மறந்தாலும் கதவு திறக்காது. சின்னப் பட்டறையில் அதே பாடம் இருபது வயதுப் பையனின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது. அவசர வேலை, முதலாளி போன், லைன் நிற்கிறது என்ற நெருக்கடியில் ஞாபகம்தான் முதலில் போகும். நம் நாட்டில் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மின்சாரத்தால் இறக்கிறார்கள் என்று அரசின் குற்ற ஆவணக் காப்பகமே கணக்குக் கொடுக்கிறது. என் மாணவன் அந்தக் கணக்கில் சேராமல் திரும்பி வந்திருக்கிறான்.

பட்டறையில் இருப்பவர்களுக்கு

அவனும் நானும், விஷயம் தெரிந்தவர்களும் பேசி எழுதிய குறிப்புகள் இவை. எழுதி, வேலை செய்யும் மேசைக்கு மேல் ஒட்டுங்கள்.

1. மூன்றாவது பின்னை வெட்டாதீர்கள். வெட்டியிருந்தால் இன்றே புது பிளக் மாட்டுங்கள். ட்ரைவில் அலை வடிவம் பார்க்க டிஃபரன்ஷியல் புரோப் என்று தனியாக இருக்கிறது. வாங்க வசதி இல்லை என்றால், அந்த வோல்ட்டேஜைத் தாங்கும் இரண்டு புரோப்களை எடுத்து, கிளிப் இரண்டையும் எங்கும் மாட்டாமல் விட்டு, இரண்டு சேனலின் வித்தியாசத்தை ஸ்கோப்பில் பாருங்கள். செலவு அதிகமில்லை.

2. ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் போட வேண்டும் என்றால் பழுது பார்க்கும் கருவிக்குப் போடுங்கள், ஸ்கோப்புக்கு வேண்டாம். போட்டாலும் இரண்டு முனையைச் சேர்த்துத் தொட்டால் அடிக்கும் என்பதை மறக்காதீர்கள்.

3. மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சைப் பூட்டி, சாவியைச் சொந்தப் பையில் வையுங்கள். "போடாதீங்க" என்று கத்துவது பூட்டுக்குச் சமமாகாது.

4. காத்திருங்கள், ஆனால் காத்திருந்ததை நம்பாதீர்கள். 1,000 வோல்ட் டி.சி. தாங்கும் மீட்டரில் அளந்து பாருங்கள். அளப்பதற்கு முன்னும் பின்னும் மீட்டரைத் தெரிந்த சப்ளையில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். மீட்டரும் நோயாளியாக இருக்கலாம்.

5. மின்சாரம் மிச்சமிருந்தால் அந்த வோல்ட்டேஜுக்கு ஏற்ற பவர் ரெசிஸ்டர் வழியாக வடியுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். தெறிக்கும் உலோகம் கண்ணுக்குப் போகும்.

6. சும்மா இருக்கும் கம்ப்யூட்டர் அல்லது மெஷின் உடம்பைத் தொட்டால் 'சுர்' என்கிறதா? உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாக, எர்த் இல்லாத உடம்பு 115 வோல்ட் அளவில் நிற்கிறது. எர்த் அறுந்துவிட்டது என்று அது சொல்கிறது. மிதியடி போட்டுச் சமாளிக்காமல் எர்த்தைச் சரிசெய்யுங்கள்.

7. ட்ரைவ் ஓடினால் ஆர்.சி.சி.பி. விழுகிறது என்று அதைக் கழற்றிப் போடாதீர்கள். சாதாரண ஆர்.சி.சி.பி.க்கு டி.சி. கசிவு கண்ணுக்குத் தெரியாது. அதற்கென்று 'பி' வகை இருக்கிறது. எது வேண்டும் என்று கேட்டு மாட்டுங்கள்.

8. தனியாக வேலை செய்யாதீர்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும், மெயின் சுவிட்ச் எங்கே என்று அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

பட்டறை நடத்துபவர்களும் இந்தப் பதிவைப் படிக்கக்கூடும். உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு டிஃபரன்ஷியல் புரோப்பின் விலை அதிகமாகத்தான் தெரியும். ஆனால் பையனின் தாய்க்குப் பதில் சொல்வதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

என் மாணவன் நேற்று ஒரு போட்டோ அனுப்பினான். ஸ்கோப்பின் வயரில் புதிதாக மாட்டிய மூன்று பின் பிளக். கீழே, "சார், சீனியர்கிட்டயும் சொல்லிட்டேன். ஒத்துக்கிட்டாரு" என்று எழுதியிருந்தான். எனக்கு அன்றைக்கு அது போதும்.

இதில் நான் தவறாக ஏதாவது எழுதியிருந்தால், வேலை தெரிந்தவர்கள் கமெண்டில் திருத்துங்கள். வகுப்பில் நீங்கள் கை தூக்காமல் போன கேள்விகள் இருந்தாலும் இப்போது கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததைப் படித்துவிட்டுச் சொல்கிறேன்.

அனைவரும் நலமாக இருங்கள்.